தலைக்கணக்கும் குழாய்த் தண்ணீரும்

நகரத்தை நிர்வகிப்போருக்கு முதற்கருவி கணக்கேயாகும். பாதாளச் சாக்கடையுள்ள நகரங்களுக்கு ஆளொன்றுக்கு நாள்தோறும் 135 லிட்டர் நீர் என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறி. பொறியாளர் இவ்வளவைத் தலைக்கணக்கால் பெருக்கியே நீர்த்தேக்கத்தையும் குழாயையும் திட்டமிடுகிறார். ஒரு வட்டாரத்தில் ஆயிரம் பேர் விடுபட்டால், நாளொன்றுக்கு 1,35,000 லிட்டர் ஏட்டிலேயே குறைந்துவிடும். பின்னர் அக்குறை குழாயடிச் சண்டையாக வெளிப்படும்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மும்பை மாநகரின் மக்கள் சுமார் 1 கோடியே 24 லட்சம். அவர்களுள் 52 லட்சம் பேர் குடிசைப் பகுதியினர். தாராவித் தமிழர் பலரும் இத்தொகையில் அடங்குவர். வீடற்றோரையும் அவ்வாண்டு பிப்ரவரி 28 இரவில் தேடிச்சென்று எண்ணினர்.

‘நமக்குச் சொந்த ஊர் வேறு’ என்று ஒதுங்குவோர் நம்மிடையே உண்டு. ஆனால் கணக்கெடுப்பு நாம் வசிக்கும் இடத்திலேயே நம்மை எண்ணுகிறது. பிறந்த ஊரையும் தாய்மொழியையும் தனியே குறித்துக்கொள்கிறது. ஆகவே இங்கு எண்ணப்படுவதால் ஊருறவு அறுந்துவிடாது. நாம் தரும் விவரங்களின் மறைவை 1948ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது.

2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு, பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2027க்கென அறிவிக்கப்பட்டது. அலுவலர் வாசலுக்கு வருங்கால், பரணில் உறங்கும் உறவினரையும் பட்டறையிலேயே தங்கும் இளைஞரையும் விடாது எண்ணச் செய்வோமாக.