கிராமக் காட்சிப் பதிவுகளைப் பழுதின்றி மாற்றும் முறை

(ஈக்காட்டுத்தாங்கலில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரைச் சற்றே கவனியுங்கள். தாங்கல் என்பது பாசன நீரைத் தேக்கி வைக்கும் சிற்றேரியைக் குறிக்கும் சொல்லாகும். இதன் அருகே 1958-ஆம் ஆண்டில் கிண்டித் தொழிற்பேட்டை அமைந்தது. 2015-இல் மெட்ரோ ரயிலும் வந்தது. ஊர் நகரமாகிவிட்டது, நீர்நிலையின் நினைவு பெயரில் தங்கியிருக்கிறது. நம் கிராமங்களிலோ ஏரியும், மதகும், வரத்துக் கால்வாயும் இன்னும் கண்முன் உள்ளன. அவற்றை இன்று படம் பிடித்து வைத்தால், கரை எங்கே இருந்தது என்று நாளை கேள்வி எழும்பொழுது அதுவே சான்றாகும்.

2022 முதல் நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. அக்கூட்டங்களையும் மராமத்து வேலைகளையும் இளைஞர்கள் கைபேசியில் படம் பிடிக்கின்றனர். ஆனால், அதைத் தொகுத்து டிவிடி தகடாக்க முற்படும்பொழுது மாற்று மென்பொருள் முரண்டு பிடிக்கிறது. சிலர் சலிப்புற்று மூலப் பதிவையே அழித்துவிடுகின்றனர். இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை.

ஆகையால் முதல் விதி யாதெனில், மூலப் பதிவு நமக்கு விதைநெல். மாற்றுதல் என்பது அரிசியை மாவாக்குவது போன்றது. மாவு திரும்ப அரிசியாகாது. ஒவ்வொரு முறை மாற்றும்பொழுதும் படத்தின் தெளிவு சிறிது குறையும். எப்பொழுதும் மூலத்திலிருந்தே மாற்ற வேண்டும். மாற்றியதை மறுபடி மாற்றலாகாது.

இனி, வழக்கமாக நேரும் கோளாறுகளைப் பார்ப்போம்.

தொகுப்பு மென்பொருளில் ஒலி மட்டும் வந்து படம் வராமற்போவது முதலாவது. எம்.பி.4 என்பது பானையின் பெயர். உள்ளிருக்கும் பண்டம் எச்.264 ஆகவும் இருக்கலாம், எச்.265 ஆகவும் இருக்கலாம். பின்னதைப் பழைய மென்பொருள்கள் அறியா. விலையின்றிக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளால் எச்.264 ஆக மாற்றினால் தீரும். கைபேசியின் கேமரா அமைப்பில் முன்னதாகவே எச்.264-ஐத் தெரிவு செய்வது இன்னும் நலம்.

தலைவர் வாயசைத்த பின்னரே பேச்சு கேட்பது இரண்டாவது. கைபேசி, வெளிச்சத்திற்கு ஏற்ப, வினாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கிறது. ஒலியோ ஒரே சீராக ஓடுகிறது. எனவே நேரம் ஆக ஆக இரண்டும் விலகுகின்றன. மாற்றும்பொழுது வினாடிக்கு 25 படங்கள் என நிலையாகக் குறித்துவிட்டால் இக்குறை நீங்கும். நம் நாட்டு டிவிடி முறைக்கும் அதுவே அளவு.

பழைய நாடாக்களிலிருந்து எடுத்த படத்தை கணினியில் பார்க்கையில், அசைவுள்ள இடங்களில் சீப்பின் பற்களைப் போன்ற கோடுகள் தோன்றுவதுண்டு. மென்பொருளில் இதற்கென உள்ள வரிநீக்க வடிகட்டியை இயக்கினால் போதும்.

தகடு வீட்டு டிவிடி கருவியில் ஓடாமை நான்காவது. எம்.பி.4 கோப்பை அப்படியே தகட்டில் எழுதினால் பல கருவிகள் அதை ஏற்பதில்லை. டிவிடிக்கு எம்பெக்-2 வடிவமும், 720-க்கு 576 என்ற பட அளவும் வேண்டும். டிவிடி ஸ்டைலர் என்னும் இலவச மென்பொருள் அவ்வாறு அமைத்துத் தரும். தகட்டைக் குறைந்த வேகத்தில் எழுதி, முடிவுறச் செய்த பின்னரே வெளியே எடுக்க வேண்டும்.

கொள்ளளவுக் கணக்கும் அவசியம். சாதாரணத் தகடு 4.7 ஜிகாபைட் கொள்ளும். வினாடிக்கு 8 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரப் படத்திற்கு 3.6 ஜிகாபைட் ஆகும். இரண்டு மணி நேரக் கூட்டமாயின் 7.2 ஆகிவிடும்; மரக்காலுக்கு மேல் நெல் அளக்க இயலுமா? வீதத்தை 4.5 ஆகக் குறைத்தால் படம் 4.05 ஜிகாபைட்டில் அடங்கும், ஒலிக்கும் இடமிருக்கும். பென்டிரைவில் பெரிய கோப்பு ஏறாவிடில், அது 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காத பழைய முறையில் அமைந்திருக்கலாம் என அறிக.

எக்கோளாறாயினும் வரிசை ஒன்றே. முதலில் மூலத்தை வி.எல்.சி. மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். குறை அங்கேயே இருந்தால் மாற்று மென்பொருளின்மேல் பழியில்லை. பின்னர் ஒரு நிமிடப் பகுதியை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டுமே மாற்றுங்கள். பல உரங்களை ஒன்றாக இட்டால் எது பலித்தது என்று எவ்விதம் அறிவது?

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து இப்பகுதியைச் சூழ்ந்ததை மறவாதீர். ஒரே பீரோவில் வைத்த பதிவுகள் ஒரே வெள்ளத்தில் போகும். மூலப் பதிவின் இரு படிகளை இரு வேறு இடங்களில், ஊர்ப்பெயரும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். வரும் கிராம சபை நாளிலேயே இப்பணியைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.