உப்பு அறையில் 45 நிமிடம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஓய்வு பெற்றவங்க உடம்பைப் பாத்துக்கிறது பத்தி ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்த உடம்பு ஒன்றே ஒன்றுதான். அதில் நம் கல்லூரி நாட்களிலிருந்தே ஆஸ்துமா குடியிருக்கிறது. ஆகவே அதைப் பற்றியும், அதற்காக நான் போய் உட்கார்ந்த உப்பு அறையைப் பற்றியும் பேசலாம் என்றிருக்கிறேன்.

1974 முதல் 1977 வரை விடுதியில் என்னோடு தங்கியிருந்தவர்கள் நாலைந்து பேர் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு என் ராத்திரிகள் தெரியும். "ஏலே, நெஞ்சுக்குள்ள என்ன ஆர்மோனியமா வாசிக்க?" என்று கேட்டவர் இரண்டாம் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கிப் உபகரணம் ஓடினால் மற்றவர்களுக்கு அழுகின முட்டை நாற்றம். எனக்கு அன்று ராத்திரி இளைப்பு. எபெட்ரின் மாத்திரை போட்டால் மூச்சு இறங்கும், ஆனால் விடியும் வரை நெஞ்சு படபடக்கும். பிறகு ஹைதராபாத் போய், மிருகசீரிட நாளன்று வாயில் மஞ்சள் மருந்து வைத்த விரால் குஞ்சை உயிரோடு விழுங்கியவன் நான். கெமிஸ்ட்ரி வாத்தியார் இதைச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். மூச்சு முட்டுகிறவன் எதையும் செய்வான்.

அப்படித்தான் 2018-இல் ஒரு நண்பர் சொன்னார் என்று சென்னையில் ஓர் உப்பு அறைக்குப் போனேன். காலுறை கொடுத்தார்கள். உள்ளே சுவரெல்லாம் இளஞ்சிவப்பு உப்புக் கட்டி, தரையில் கடற்கரை மணல் மாதிரி உப்பு, சாய்ந்து படுக்க நாற்காலி, மங்கலான வெளிச்சம், எங்கிருந்தோ மெல்லிய வீணை. 45 நிமிடத்துக்கு 1000 ரூபாய். "சும்மா மூச்சு விடுங்க சார், சுவத்துலேருந்து உப்புக் காத்து வரும்" என்றார் அங்கிருந்த தம்பி.

எனக்குள்ளிருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். சோடியம் குளோரைடு உருகுவதற்கே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். சுவரில் ஒட்டின கல், ஏ.சி. அறையில் ஆவியாகி என் நெஞ்சுக்குள் எப்படி வரும்? மூன்றாவது நாள் தேடிப் பார்த்ததில், நாற்காலிக்குப் பின்னால் ஒரு சின்னக் குழாய் வாய் இருந்தது. அதற்கு அந்தப்புறம் ஒரு மெஷின். சுத்தமான காய்ந்த உப்பை மாவாக அரைத்துக் காற்றில் ஊதுகிறது. 5 மைக்ரானுக்குக் கீழே அரைத்தால்தான் துகள் மூச்சுக்குழாயின் உட்கிளை வரை போகும். பெரியது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஆக, வேலை செய்வது மெஷின். பாகிஸ்தான் கேவ்ரா சுரங்கத்து இளஞ்சிவப்புக் கல்லெல்லாம் கல்யாண மண்டப ஜோடனை!

இந்த யோசனை பிறந்த இடம் போலந்து. கிராகோவ் நகரத்துக்குப் பக்கத்தில் வியெலிச்கா என்று ஓர் உப்புச் சுரங்கம். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். ஆழம் 327 மீட்டர். உள்ளே உப்பிலேயே செதுக்கின தேவாலயம்கூட உண்டு. 1978-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே சுரங்க மருத்துவராக இருந்த பெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி 1839-இல் உப்புநீர்க் குளியல் சிகிச்சையைத் தொடங்கினார். பின்னாளில், 20-ஆம் நூற்றாண்டில், நோயாளிகளைச் சுரங்கத்துக்குள்ளேயே இறக்கிப் படுக்க வைத்து வைத்தியம் பார்த்தார்கள். எல்லாரும் போலந்து போக முடியுமா? 1980-களில் சோவியத் மருத்துவர்கள் சுரங்கக் காற்றைத் தரைக்கு மேலேயே ஓர் அறைக்குள் செயற்கையாக உண்டாக்கப் பார்த்தார்கள். அதன் பேரப்பிள்ளைதான் சென்னையில் நான் படுத்திருந்த அறை.

இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். சுரங்கத்துக்குள் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே குளிர். மகரந்தம் இல்லை, கரிப்புகை இல்லை, வீட்டுத் தூசி இல்லை. கிராகோவோ குளிர்காலப் புகைமூட்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து கீழே இறங்கினவனுக்கு மூச்சு லேசானால், அது உப்பினாலா, புகை இல்லாததாலா? 2001-இல் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள், ஆஸ்துமாவுக்கு இந்தச் சுரங்க சிகிச்சை பயன்படுமா என்று அதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் சல்லடை போட்டுப் பார்த்தார்கள். தேறியது மூன்றே சோதனைகள், மொத்தம் 124 குழந்தைகள். அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். உப்பு மூச்சைக் குணப்படுத்துமென்றால் எங்கள் ஊரில் ஆஸ்துமாவே இருக்கக்கூடாது. உப்பளத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா என்னைவிட மோசமாக இழுத்தார். (உப்பளத்து வெளிக்காற்று வேறு, மெஷின் தூள் வேறு என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.)

இவ்வளவு பேசுகிற நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? பத்து நாள் தொடர்ந்து போனேன். உடம்பு பஞ்சு மாதிரி ஆனது. ராத்திரி நல்ல தூக்கம். "இனிமே பம்ப் எல்லாம் எதுக்கு சார், அது அடிமையாக்கிடும்" என்று அங்கே ஒருவர் சொன்னார். எனக்கும் அதைக் கேட்கத்தான் ஆசை. காலையும் மாலையும் இழுக்கிற தடுப்பு பம்பை நிறுத்திவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

2019 ஜனவரியில் போகிப் பண்டிகை வந்தது. சென்னையில் போகி விடியற்காலை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பழைய பாயும் டயரும் எரிந்து தெருவே கண்ணுக்குத் தெரியவில்லை. ஐந்து மணிக்கு எனக்கு ஒரு வாக்கியம் பேச வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. மகள்தான் காரில் போட்டுக்கொண்டு போனாள். நெபுலைசர், ஆக்சிஜன், ஊசி. மூன்று நாள் ஆஸ்பத்திரி.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்னக் குழாய். மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதினால் முள் நகர்ந்து ஓர் எண் காட்டும். தினமும் ஊதி நோட்டில் எழுதி வைப்பேன். லேப் ரிக்கார்டு புத்தி! என் நல்ல நாள் எண் 400. இரண்டாம் நாள் டாக்டர் அந்த நோட்டைக் கொண்டு வரச் சொல்லிப் படித்தார். உப்பு அறைக்குப் போவதற்கு முன் 390. பத்து நாள் போன பிறகு, 390. பம்பை நிறுத்தின பிறகு 370, 350, 320, 290. போகியன்று ஆஸ்பத்திரியில் 180. "சார், நீங்களே எழுதியிருக்கீங்க. நீங்க ஏன் படிக்கலை?" என்றார். 35 வருஷம் மாணவர்களை நான் கேட்ட கேள்வி அது. எனக்குப் பதில் வரவில்லை.

290 வந்த நாட்களில்கூட நான் நன்றாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைத் திடுக்கிட வைக்கிறது.

அவரிடமே உப்பைப் பற்றிக் கேட்டேன். உப்பு சும்மா இல்லை என்றார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்கிற பரம்பரை நோயில், நெபுலைசர் வழியாகக் கொடுக்கிற 7 சதவீத உப்புக் கரைசல் கெட்டிச் சளியை இளக்குகிறது. 2006-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில் நோயாளிகளுக்கு நெஞ்சுத் தொந்தரவு கிளம்புவது குறைந்தது. அதே சமயம் 4.5 சதவீத உப்புக் கரைசலை மூச்சில் கொடுத்து, குழாய் சுருங்குகிறதா என்று பார்ப்பது ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை! ஆக, இழுப்பு இருக்கிற நேரத்தில் உப்புத் தூளைப் போய்ச் சுவாசிப்பது வினையில் முடியலாம். "அப்ப எனக்கு நல்லாயிருந்ததே?" என்றேன். "45 நிமிஷம் போன் இல்லாம, பேச்சில்லாம, மெதுவா மூச்சு விட்டுட்டுப் படுத்திருந்தா யாருக்குத்தான் நல்லாயிருக்காது? வேணும்னா போங்க. மருந்தை விட்டுடாதீங்க, நீல பம்பைப் பையில வச்சுக்குங்க, இழுப்பு இருந்தா போகாதீங்க" என்றார்.

இரண்டு மூன்று தடவை போனேன். பிறகு அந்த ஆயிரம் ரூபாய் உறுத்தியது. இப்போது வீட்டிலேயே மதியம் விளக்கை அணைத்துவிட்டு, போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு 45 நிமிடம் படுக்கிறேன். வீணையும் உண்டு. உப்பு மட்டும் சமையலறையில் இருக்கிறது.

மாணவச் செல்வங்களிடம் ஒரு வார்த்தை. விடுதியில் பம்பை ஒளித்து வைத்துக்கொண்டு பாத்ரூமில் போய் அடிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள் என்று வார்டன் சொன்னார். அந்தத் தடுப்பு பம்பில் ஓர் இழுப்புக்கு வருகிற ஸ்டீராய்டு, மாத்திரை மாதிரி மில்லிகிராம் கணக்கு இல்லை, மைக்ரோகிராம் கணக்கு. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், அவ்வளவுதான். நான் ஒளித்ததைப் போல ஒளிக்காதீர்கள்; அறையில் கூட இருக்கிறவனுக்காவது அது எங்கே இருக்கிறது என்று தெரியட்டும்.

மணி அடிக்கப் போகிறார்கள், சாப்பாட்டு வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. பீக் ஃப்ளோ மீட்டரைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். ஆளுக்கொன்றாக மாற்றிக்கொள்ள அட்டைக் குழாய் 50 வாங்கி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வேதியியல் துறை வராந்தாவில் இருப்பேன். ஊதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வரலாம். பென்சிலும் நோட்டும் நான் தருகிறேன்.