வாக்குப்பெட்டி வராத வாக்குரிமை

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கனடா நாட்டின் வடகோடியில் நூனவுட்டு என்றொரு நாடாளுமன்றத் தொகுதி உண்டு. ‘எங்கள் நிலம்’ என்பது அப்பெயரின் பொருள். நிலப்பரப்பு மட்டும் 18 இலக்கம் சதுரக் கிலோமீட்டருக்கு மேல்; இந்திய ஒன்றியப் பரப்பிற் பாதியைக் காட்டிலும் மிகுதி. அவ்வளவு நிலத்திலும் 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்வோர் 36,858 பேர். ஊர்கள் 25. ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலை இல்லை. ஆதலின் ஊர்தோறும் வாக்குக் கேட்கப் புறப்படும் வேட்பாளர் வானூர்தி ஏறாமல் முடியாது.

2025 ஆம் ஆண்டுத் தேர்தலிற் கனடா முழுமைக்கும் தொகுதிகள் 343. 2021 கணக்கின் மக்கள்தொகையை அவற்றுக்குப் பகிர்ந்தால் தொகுதிக்கு ஏறத்தாழ 1,08,000 பேர் வருவர். நூனவுட்டில் இருப்பதோ அதில் மூன்றிலொரு பங்கு. “மூவர்க்கு ஒரு வாக்கு அங்கே, ஒருவர்க்கு ஒரு வாக்கு இங்கேயா?” என்று கணக்கறிந்தவர் கேட்கக்கூடும். கேள்வி முறையானதுதான். ஆனால் அம்மக்கள் எத்தனை ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் சேராமல் இருந்தனர் என்பதையும் அக்கணக்கறிஞர் ஏட்டிற் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்நிலத்தின் மக்கள் இனுவிட்டு இனத்தார். நூற்றுக்கு 85 பேர் அளவில் இன்றும் அவர்களே அங்குப் பெரும்பான்மையர். 1934 ஆம் ஆண்டு கனடாவின் வாக்குரிமைச் சட்டம் அவர்களைப் பெயர் சுட்டியே விலக்கியது. 1939 இல் நாட்டின் உயர்வழக்குமன்றம், இனுவிட்டு மக்கள் நடுவணரசின் பொறுப்புக்கு உட்பட்டவர் என்று தீர்ப்புரைத்தது. அதாவது, அவர்களை ஆளும் பொறுப்பு நடுவணரசுக்கு உண்டு. அவ்வரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை.

1941 முதல் அரசு மற்றொன்றும் செய்தது. இனுவிட்டு மக்களின் பெயர்களை எழுதவும் ஒலிக்கவும் அலுவலர்க்கு வரவில்லை. வராத பெயரைக் கற்றுக்கொள்வது கடினம். எண் கொடுப்பது எளிது. எண் பொறித்த சிறு வட்டவில்லை ஒன்றை ஒவ்வொருவர்க்கும் வழங்கினர். கிழக்கில் வாழ்வோர்க்கு ஓர் எழுத்து, மேற்கில் வாழ்வோர்க்கு ஓர் எழுத்து, அதன்பின் எண்கள். இறந்த முன்னோரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு இட்டு, அப்பெயரின் வழியே உறவு கொண்டாடும் ஓர் இனத்தார், அரசின் ஏட்டில் எண்களாக நின்றனர். 1966 இல் வடமேற்கு ஆட்சிப்பகுதிகளின் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப் பெற்ற முதல் இனுவிட்டு உறுப்பினரான சைமனி மைக்கேல், இவ்வெண்முறையை மன்றத்திலேயே எதிர்த்துப் பேசினார். அதன் பின்னரே, ஏபிரகாம் ஓக்பிக் என்னும் இனுவிட்டுப் பெரியார் ஊர் ஊராகச் சென்று, குடும்பம் குடும்பமாகக் கேட்டு, குடும்பப் பெயர்களைப் பதிவு செய்தார்.

வாக்குரிமைக்கு வருவோம். 1950 இல் விலக்கு நீங்கியது; சட்டப்படி இனுவிட்டு மக்களும் வாக்காளர் ஆயினர். ஆனால் எங்கே போய் வாக்களிப்பது? அப்போது வடக்கில் இருந்த தொகுதி மெக்கன்சி ஆற்றுப் பகுதியோடு நின்றுவிட்டது. அதற்குக் கிழக்கே கீவாட்டின், பிராங்கிளின் எனப்பட்ட பெருநிலங்கள் எந்தத் தொகுதியிலும் சேராதவை. 1953 இல் தேர்தல் வந்தது. 1957 இல் வந்தது. 1958 இல் மறுபடியும் வந்தது. உரிமை ஏட்டில் இருந்தது. வாக்குப்பெட்டி மட்டும் வரவில்லை. அவர்கள் பேராளர் இன்றி இருந்த அந்த ஆண்டுகளிலேதான், 1953 இலும் 1955 இலும், கியூபெக்கின் வடபகுதியினின்று இனுவிட்டுக் குடும்பங்களைக் கப்பலேற்றி, அவர்கள் அறியாத கடுங்குளிர்த் தீவுகளிற் கொண்டுபோய் இறக்கினர். அதற்கு நடுவணரசு மன்னிப்புக் கேட்டது 2010 இல். கேட்பதற்கு ஆளில்லாத மக்களுக்கு எதையும் செய்யலாம் என்பது ஆள்வோர்க்குத் தெரிந்தே இருந்தது.

1962 இல் வடமேற்கு ஆட்சிப்பகுதிகள் முழுவதும் ஒரே தொகுதியாயின. அவ்வாண்டுத் தேர்தலிலேதான் கிழக்கு வடமுனை ஊர்களுக்கு வாக்குப்பெட்டி வந்தது. வந்தும் என்ன? மேற்கையும் கிழக்கையும் ஒன்றாகக் கட்டிய அப்பெருந்தொகுதியினின்று 1979 வரை ஓர் இனுவிட்டு உறுப்பினரும் நாடாளுமன்றம் செல்லவில்லை. 1972 இல் வென்ற வாலி பிர்த்து வடபுலத்து மெட்டீசு இனத்தார். அது ஒரு முன்னேற்றமே. ஆயினும் கிழக்கின் குரல் கிழக்கினின்று எழவில்லை.

1976 இல் கிழக்குத் தனித் தொகுதியாகப் பிரிந்தது. அதற்கு இட்ட பெயர் நூனத்சியாக்கு. ‘அழகிய நிலம்’ என்பது பொருள். 1979 மேத் திங்களில் அத்தொகுதியின் முதல் தேர்தலிற் புதிய குடியாட்சிக் கட்சியின் சார்பில் வென்றவர் பீட்டர் இட்டினுவார். கனடா நாடாளுமன்றத்துக்குத் தேர்தலில் வென்று சென்ற முதல் இனுவிட்டு உறுப்பினர் இவரே.

இவர் வாழ்க்கையைச் சற்று நின்று நோக்க வேண்டும். இட்டினுவார் பிறந்தது 1950. அவர் இனத்துக்கு வாக்குரிமை வந்த ஆண்டு. 1962 இல் அவருக்கு அகவை பன்னிரண்டு. அவர் நிலத்துக்கு வாக்குப்பெட்டி வந்த ஆண்டு. அவ்வாண்டிலேதான் அரசு மூன்று இனுவிட்டுச் சிறுவரைத் தேர்ந்தெடுத்து, தாய் தந்தையரிடமிருந்து பிரித்து, தலைநகர் ஒட்டாவாவில் வெள்ளையர் இல்லங்களில் தங்கவைத்துப் படிப்பித்தது. இனுவிட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் எவ்வளவு தேறுவர் என்று பார்ப்பதற்கான ஆய்வு அது! அம்மூவருள் ஒருவர் இட்டினுவார். ஆய்வுப் பொருளாக ஒட்டாவாவுக்குக் கொண்டுபோன சிறுவன், பதினேழு ஆண்டுகளுக்குப் பின் தன் மக்களின் வாக்கைப் பெற்று அதே நகருக்குச் சென்றான்.

1980 இல் மீண்டும் வென்ற இட்டினுவார், 1982 இறுதியில் ஆளுங்கட்சியான தாராளக் கட்சிக்கு மாறினார். கட்சி மாறுவோரைப் புகழ்வதற்கில்லை. ஆனால் அவ்வாண்டு ஏப்பிரலில் நிலப்பிரிவினை பற்றி மக்கள் வாக்கெடுப்பு நடந்திருந்தது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 56 பேர் பிரிவினை வேண்டும் என்றனர். நூனவுட்டுக்காகவே மாறியதாக அவர் கூறினார். 1984 இற் கட்சிச் சார்பின்றி நின்று தோற்றார்.

அதன்பின் கட்சிகள் மாறி மாறி வந்தன. 1984 இல் முன்னேற்றப் பழமைக் கட்சியின் தாமசு சுலுக். 1988, 1993 இல் தாராளக் கட்சியின் சாக் அனவாக். தொகுதி நூனவுட்டு என்று பெயர் பெற்ற பின் 1997 முதல் நான்கு தேர்தல்களில் அக்கட்சியின் நான்சி கரெட்டாக் லிண்டெல். 2008, 2011 இற் பழமைக் கட்சியின் இலியோனா அக்லுக்காக், இவர் நடுவணமைச்சரும் ஆனார். 2015 இல் தாராளக் கட்சியின் அண்டர் டூட்டூ. 2019 இற் புதிய குடியாட்சிக் கட்சியின் முமிலாக் கக்காக், அகவை 25. 2021 இல் அதே கட்சியின் இலோரி இட்லவுட். கட்சிக் கண்ணால் பார்ப்பவர்க்கு இது நிலையற்ற தொகுதி. இனக் கண்ணால் பார்த்தால், 1979 முதல் வென்ற எண்மரும் இனுவிட்டு மக்களே. இந்த ஒரு கட்டளையில் வாக்காளர் ஒருமுறையும் பிறழவில்லை.

தனித் தொகுதியால் அவர்கள் பெற்றது என்ன? சுலுக் நில உரிமைப் பேச்சில் முன்னின்றவர். 1992 நவம்பரில் நில உரிமை உடன்பாடு இனுவிட்டு மக்களின் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தோரில் மட்டுமன்று, வாக்குரிமை பெற்ற அனைவரிலுமே நூற்றுக்கு 69 பேர் ஏற்றனர். ஏறத்தாழ 3,50,000 சதுரக் கிலோமீட்டர் நிலவுரிமையும், 115 கோடித் தாலர் அளவுக்கு ஈட்டுத்தொகையும், 1999 ஏப்பிரல் முதல் நாள் பிறந்த தனி ஆட்சிப்பகுதியும் அவ்வுடன்பாட்டின் பயன்கள். அதற்கு முன்பே, 1987 இல், ஆங்கிலக் கடலோடி பிரோபிசரின் பெயரைச் சுமந்த ஊர், மீன்வளத்தைக் குறிக்கும் தன் பழம்பெயரான இக்கலுயிட்டு என்பதை மீட்டுக்கொண்டது. அவ்வூரே தலைநகராயிற்று.

2021 ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அதே தொகுதியில் வாக்களித்தோர் மூன்றிலொரு பங்கினரே. 1992 இல் அவ்வளவு பெருந்திரளாக வந்த மக்கள் 2021 இல் ஏன் வரவில்லை? மக்களைச் சோம்பர் என்று பழிப்பது எளிது. 1992 இற் கேட்ட கேள்வி அவர்கள் நிலத்தைப் பற்றியது. 2021 இற் கையிற் கொடுத்த சீட்டோ அவர்கள் மொழியிலேகூட இல்லை.

ஆம், அவையீரே! இனுவிட்டு மொழிக்கு அசையெழுத்து உண்டு. ஒரே வடிவத்தைத் திசை திருப்பி வைத்தால் உயிரொலி மாறும். கற்க எளிய எழுத்து. நூனவுட்டு ஆட்சிப்பகுதியின் தேர்தலில் வாக்குச்சீட்டு அவ்வெழுத்தைத் தாங்கி வரும். நாடாளுமன்றத் தேர்தலின் சீட்டிலோ, கனடாச் சட்டப்படி வேட்பாளர் பெயர் உரோம எழுத்தில். கட்சிப் பெயர் ஆங்கிலத்திலும் பிரஞ்சிலும். தாய்மொழி ஒன்றே அறிந்த முதியவர், தம் ஊர்க்காரர் பெயரையே தாம் படிக்க இயலாத எழுத்திற் காண்கிறார். 2022 இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை ஆராய்ந்து அறிக்கை தந்தது. மன்றத்துக்குள்ளே நிலை சற்று மேல்: 2018 இறுதியில் முதற்குடி மொழிகளிற் பேசவும் அதை மொழிபெயர்க்கவும் அவை ஒப்பியது. இலோரி இட்லவுட் அங்கு இனுவிட்டு மொழியில் எழுந்து பேசினார்.

ஆனால் வீடுகளின் நிலை வேறு. இனுவிட்டு மொழியைத் தாய்மொழியாக உடையோர் நூனவுட்டில் 2001 இல் நூற்றுக்கு 72 பேர். 2016 இல் 65 பேர். தலைகளின் தொகை கூடியது. தாய்மொழியின் பங்கு குறைந்தது. நாடாளுமன்ற இடமும் தனி ஆட்சியும் மொழிக்காப்புச் சட்டமும் கைக்கு வந்த ஆண்டுகளிலேயே இது நிகழ்ந்தது. அச்சட்டம் 2008 இல் நிறைவேறியது. பள்ளியின் மேல் வகுப்புகளில் ஆங்கிலமே ஓங்கி நின்றது.

2025 தேர்தலில் இலோரி இட்லவுட் மீண்டும் வென்றார். வேறுபாடு நூறு வாக்குக்கும் குறைவு. 18 இலக்கம் சதுரக் கிலோமீட்டர் நிலத்தின் குரல், ஒரு சிற்றூரின் வாக்குகளில் நின்று முடிவாயிற்று.