வல்லத்துக் கல்

தஞ்சை என்று சொன்ன மாத்திரத்தில் பெரிய கோயிலும் அரண்மனையும் நேயர்களின் மனக்கண்ணில் தாமாகவே எழுந்து நிற்கும் ஆதலால், அவற்றை உங்களிடமே விட்டுவிட்டு, திருச்சிச் சாலையில் தென்மேற்கே ஏழு மைல் சென்று, வல்லத்துக் கோட்டையைச் சுற்றி நடந்து வரலாம் என்பது என் உத்தேசம்.

காவிரி கொணர்ந்த வண்டலே நிலமாகிவிட்ட இச்சோழ தேசத்தில் உழவனின் கொழுமுனையில் கல் தட்டுவது அபூர்வம். ராஜராஜன் கோயிலுக்கும் கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆனால் கழனிகள் முடிந்து, பூமி மேடிட்டுச் செம்மண்ணாக மாறும் வல்லத்திலோ, மழை கழுவிய சரளையினூடே படிகக் கற்கள் கிடைத்தன. வெள்ளைக்காரர்கள் அவற்றை ‘வல்லத்து வைரம்’ என்றார்கள். வைரமன்று, ஆனாலும் என்ன அழகு!

அந்தக் கல்லை அறுத்துத் தஞ்சாவூரில் மூக்குக்கண்ணாடி செய்தார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோட்டை சற்றுப் பொறுக்கட்டும். என் பாட்டனார் அணிந்திருந்ததும் அதுவே. ‘கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்பார். நமது தெருப்புழுதியில் கலந்திருப்பதும் பெரும்பாலும் படிக ஜாதி மணலே ஆகையால், அது சாதாரணக் கண்ணாடியைக் கீறிவிடும். காடின்யத்தில் ஏழாம் படியில் நிற்கும் படிகத்தை எளிதில் கீறாது. அத்தகைய கல்லை இழைப்பதற்கு அதனினும் வலியது வேண்டுமல்லவா? குருந்தத் தூளை அரக்கில் குழைத்து வார்த்த சாணைச் சக்கரத்தில் வைத்து, நாழிகைக் கணக்கில் தேய்ப்பார்கள். சேலம், நாமக்கல் பக்கத்து மண்ணில் அகப்படும் அந்தக் குருந்தமும், அரசர் முடியில் பதித்த மாணிக்கமும் ஒரே பதார்த்தம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. நிறமும் தெளிவும் வாய்த்தது ஆபரணமாயிற்று, வாய்க்காதது சாணைக்குப் போயிற்று.

தேய்ப்பதைவிட அறுப்பதுதான் நுட்பமான வித்தை. படிகத்திற்கு ஒளியை இரண்டாகப் பிரிக்கும் சுபாவம் உண்டு. அதன் வாட்டமறிந்து அச்சுக்குக் குறுக்கே அறுக்காவிட்டால், எழுத்தின் விளிம்பில் மெல்லிய நிழல் தட்டும். சாஸ்திரக் கருவி எதுவுமின்றி, கல்லின் முகங்களைக் கண்ணால் பார்த்தே அறுத்தவர்களின் கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன்.

கோட்டை அகழியைப் பற்றிப் பேச இன்று நேரம் கிட்டாது போலிருக்கிறது. உங்கள் வீட்டுப் பழம்பெட்டியில் முன்னோர்களின் மூக்குக்கண்ணாடி கிடந்தால் எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள்: கண்ணாடியாயின் விரைவில் உடற்சூட்டை ஏற்றுவிடும், வல்லத்துக் கல்லாயின் இன்னும் சற்று நேரம் சில்லென்றே இருக்கும்.