“எனக்கு வராது” என்ற சொல்



பொழுது விடியுமுன் எழுந்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போகும் தாய்மார்களே, தந்தையரே! பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றியும், அதைக் காப்பதற்கு ஆசிரியர்கள் பெறவேண்டிய பயிற்சியைப் பற்றியும் இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். அதற்கு முன் என்னுடைய குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் போதித்து வந்தேன். ஒரு நாள் வகுத்தல் கணக்கில் சோதனை வைத்தேன். ஒரு மாணவன் தன் பெயரை மட்டும் எழுதி, வெற்றுத்தாளைக் கொடுத்தான். “ஏன்டா எழுதவில்லை?” என்று கேட்டேன். “எனக்கு வராது சார்” என்றான். அவன் அழவில்லை; பயப்படவும் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப்போல் சாதாரணமாகச் சொன்னான்.

அந்தச் சொல் அவனுக்கு எங்கிருந்து வந்தது? நான் கொடுத்ததுதான். சோதனைத் தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆகக் குறைந்த மதிப்பெண்ணை உரக்கப் படித்து, “உன் மண்டையில் என்ன, களிமண்ணா?” என்று வகுப்பே சிரிக்கும்படி கேட்பது என் வழக்கமாக இருந்தது. அப்படிக் கேட்டால் ரோஷம் வந்து படிப்பான் என்று நம்பினேன். நான் படித்த காலத்தில் என் ஆசிரியரும் அப்படித்தான் கேட்டார்.

அவ்வாண்டு பள்ளி விடுமுறையில் பணியிடைப் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கேதான் நேர்மறை உளவியல் என்ற துறையைப் பற்றி முதன்முதலாகக் கேட்டேன். உளவியல் என்பது மனத்தை ஆராயும் கல்வி. நெடுங்காலம் அது மனநோய்க்குக் காரணம் என்ன, தீர்ப்பது எப்படி என்பதையே பெரிதும் ஆராய்ந்து வந்தது. மார்ட்டின் செலிக்மன் என்ற அறிஞர் 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, மனிதனிடம் உள்ள நல்ல ஆற்றல்களையும் அதே அக்கறையோடு ஆராயவேண்டும் என்று வற்புறுத்தினார்.

அவர் இளைஞராக இருந்தபோது, 1967இல், ஸ்டீவன் மேயர் என்பவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். சில நாய்களுக்கு, அவற்றால் தடுக்க முடியாதபடி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு அவற்றை வேறொரு பெட்டியில் விட்டார்கள். அங்கே ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை, அப்படியே படுத்துவிட்டன. என்ன செய்தாலும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அறிஞர்கள் அப்போது கருதினார்கள்.

சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் கருத்தைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். சோர்ந்து படுத்துவிடுவது கற்றுக்கொள்ளும் பாடம் அன்று. துன்பம் நீண்டால் அது தானாகவே வந்துவிடும். “என் முயற்சியால் இதை மாற்றமுடியும்” என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ளவேண்டும் என்றார்கள். இதைக் கேட்டபோது எனக்கு அந்த வெற்றுத்தாள் நினைவுக்கு வந்தது. தன்னம்பிக்கையும் வாய்ப்பாட்டைப்போல் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் என்றால், அதை நான் ஒரு நாளும் நடத்தவில்லையே!

பயிற்சியின் முடிவில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வகுப்பு மாணவர் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவரிடம் உள்ள ஒரு நல்ல ஆற்றலை எழுதவேண்டும். என் வகுப்பில் 22 பிள்ளைகள். 21 பெயருக்கு எழுதிவிட்டேன். ஒரு பெயருக்கு எதிரே மட்டும் கோடு காலியாகவே இருந்தது. எந்தப் பெயர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த முறை வெற்றுத்தாள் கொடுத்தவன் நான்.

அடுத்த சனிக்கிழமை அவன் பெற்றோர் வேலை செய்யும் செம்பனைக் காட்டுப் பக்கம் போனேன். அவன் அங்கே தாயாரோடு உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான். பாதையோரம் குலைகள் ஐந்தைந்தாக அடுக்கப்பட்டிருந்தன. “இன்று எத்தனை குலை?” என்று சும்மா கேட்டேன். ஒரு முறை கண்ணை ஓட்டிவிட்டு, “பதின்மூணு வரிசை, மேலே ரெண்டு. அறுபத்தேழு சார்” என்றான். “அப்பாவும் சித்தப்பாவும் பங்கு போட்டால்?” என்றேன். “ஆளுக்கு முப்பத்து மூணு, ஒண்ணு மிச்சம்” என்றான். வகுத்தலும் மீதியும்! அதைத்தான் என் வகுப்பில் அவனுக்கு வராது என்றிருந்தான்.

திங்கட்கிழமை கரும்பலகையில் குலைகளை வரைந்து, அவனையே அழைத்து விளக்கச் சொன்னேன். அன்றோடு அவன் முதல் மாணவனாகிவிட்டான் என்று கதை சொல்லமாட்டேன். அப்படி ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் வெற்றுத்தாள் கொடுத்ததில்லை. தவறாகவாவது எழுதினான். தவறாக எழுதுகிற பிள்ளைக்குத்தான் திருத்திச் சொல்லிக்கொடுக்க முடியும்.

இத்தகைய பயிற்சியால் உண்மையில் பயன் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். பூட்டான் நாட்டில் 18 பள்ளிகளில், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடையே இதை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முதலில் பயிற்சி அளித்தார்கள். பிறர் துன்பத்தை உணர்தல், கோபத்தையும் துயரத்தையும் சமாளித்தல், சிக்கலுக்குத் தீர்வு காணுதல் போன்ற திறன்களை அவர்கள் 15 மாதம் மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். அந்த மாணவர்களின் மனநலமும் உயர்ந்தது. தேர்வு மதிப்பெண்ணும் உயர்ந்தது. மனநலத்தைக் கவனித்தால் படிப்புக் கெட்டுவிடும் என்ற அச்சம் வேண்டாம்.

பெற்றோர்களே, இதில் வீட்டில் செய்யத்தக்கவை மூன்று உண்டு.

முதலாவது, பாராட்டும் முறை. 1998இல் வெளியான ஆய்வொன்றில், கரோல் டுவெக் என்ற அறிஞரும் அவருடைய சக ஆய்வாளரும் ஒரு சாரார் பிள்ளைகளை “நீ கெட்டிக்காரன்” என்றும், மற்றொரு சாராரை “நன்றாக முயன்றாய்” என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தபோது, கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவர்கள் விரைவில் மனம் தளர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். ஆகவே பிள்ளை செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்.

இரண்டாவது, மாலையில் கேட்கும் கேள்வி. “இன்று என்ன அடி வாங்கினாய்?” என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள். “இன்று நடந்த நல்லது என்ன? அது எப்படி நடந்தது?” என்று கேளுங்கள். அப்பாவும் அம்மாவும் தங்கள் நாளில் நடந்த ஒரு நல்லதைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பிழையைப் பார்க்கும் பார்வை. பால் வெட்டக் கற்ற நாளை எண்ணிப் பாருங்கள். புதியவர் கையில் உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் படுவது இயல்புதான். அன்று பக்கத்தில் நின்ற பெரியவர் கையைப் பிடித்துக் காட்டியதால்தானே பழகினீர்கள்? உங்கள் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையிடம் “சிரித்துக்கொண்டே இரு” என்று சொல்வது நேர்மறை உளவியல் ஆகாது. பசிக்குச் சோறும், கண் தெரியாதவனுக்குக் கண்ணாடியும்தான் முதலில் வேண்டும். குடியும் சண்டையும் உள்ள வீட்டுப் பிள்ளையின் துயரத்தை மூன்று நல்ல வார்த்தைகள் தீர்த்துவிடா. பல நாள் உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் இருக்கும் பிள்ளையைப் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆனாலும் மதிப்பெண்ணை வைத்தே பிள்ளையை அளக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் இன்னும் இருக்கிறது. “அடியாத மாடு படியாது” என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பிள்ளைகளை வாய் திறக்காதவர்களாக்கிவிட்டோம்.

இன்று மாலை உங்கள் பிள்ளையிடம் உள்ள ஒரு நல்ல ஆற்றலை அதனிடமே சொல்லுங்கள். சொல்ல ஒன்றும் தோன்றவில்லை என்றால், பிள்ளையின் மேல் குற்றம் காணாதீர்கள். என்னைப்போல் சற்று அருகில் போய்ப் பாருங்கள்.