பாஸ் கித்தாரில் கம்பி விட்டுப் போனால்

திருவிழா மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பாஸ் கித்தார் கரகரக்கிறது, பிறகு ஊமையாகிவிடுகிறது. "பிக்கப் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார். தோட்டத்து இளைஞர்கள் காசு சேர்த்து வாங்கிய கருவி அல்லவா? செலவழிக்குமுன் உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுவோம்.

பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாக ஓடும் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியுமே. எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அதிரும்போது சுருளில் சிறு மின்சாரம் பிறக்கிறது. 1951-இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பாஸிலும் அடிப்படை இதுதான். சுருளிலிருந்து வரும் இரண்டு வயர்கள் வால்யூம் திருகுக்கும், அங்கிருந்து ஜேக்குக்கும் போகின்றன. பெரும்பாலும் விட்டுப்போவது இவற்றின் பற்றுதான், சுருள் அல்ல.

முதலில் ஒலிபெருக்கிக்குப் போகும் வயரை மாற்றிப் பாருங்கள். பல வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்! தீரவில்லையென்றால் அந்த வயரைக் கழற்றிவிட்டு, தந்திகளைத் தளர்த்தி, மூடியைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு வயரையும் விரலால் மெல்ல அசைத்தால் ஆடுவது தெரிந்துவிடும். விட்டுப்போன முனைக்கும் மற்ற முனைக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் நலம். முள் அசையவே இல்லையென்றால் சுருள் அறுந்திருக்கிறது. அதை நாம் தொடாமல் தேர்ந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

பற்றவைக்கும்போது ஈயத்தைச் சூட்டுக்கோலில் உருக்கி மேலே சொட்டவிடுவது தவறு. சேர வேண்டிய இடத்தைச் சூடாக்கி, அங்கே ஈயத்தைத் தொட வேண்டும். இரண்டு மூன்று விநாடி போதும். ஆறும்வரை வயர் அசையக் கூடாது. தகர வேலைக்குப் பயன்படும் திராவகம் வேண்டாம். அது கம்பியை அரித்துவிடும். சாதாரண பற்றுக் கம்பியில் காரீயம் உண்டு. பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்து, வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள்.

இன்னொன்று. இரைச்சல் குறையும் என்று ஒலிபெருக்கியின் மூன்று முள் செருகியில் நிலக்கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ஒலிபெருக்கியில் மின்கசிவு நேர்ந்தால், தந்தியைப் பிடித்தபடி மைக்கைத் தொடும் பையனின் உடல் வழியாகவே மின்சாரம் பாயும். அடுத்த ஒத்திகைக்கு முன் அந்தச் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி, திறந்து பார்த்துவிடுங்கள்.