பதினைந்து வயதில் ஒரு ‘வேண்டாம்’

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாமில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் நம் அனைவருக்கும் வினாத்தாளும் விடைத்தாளும்தான் நினைவுக்கு வரும். இன்று நான் பேச வந்தது வேறொரு தேர்வைப் பற்றி. நாற்பது பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, பள்ளி அணிக்குப் பதினெட்டுப் பேரை எடுக்கிறோமே, அந்தத் தேர்வு. அதற்கு வினாத்தாள் கிடையாது, மறுகூட்டலும் கிடையாது. ஒருவர் பார்க்கிறார், முடிவெடுக்கிறார், பட்டியலை ஒட்டுகிறார். பட்டியலில் பெயர் இல்லாத இருபத்திரண்டு பேர் என்ன ஆகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இதைப் பேச ஒரு கால்பந்து வீரரின் தொடக்க காலத்தை எடுத்துக்கொள்கிறேன். அவர் கோல் அடித்துப் புகழ்பெற்றவர் அல்லர், தற்காப்பு ஆட்டக்காரர். கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். கோல் விழாமல் காத்தவரின் பெயர் பெரும்பாலும் வராது. நம் தொழிலும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் எனக்கு அவர்கள்மீது தனிப் பிரியம் உண்டு.

அவர் பெயர் ஆண்ட்ரூ ராபர்ட்சன். 1994 மார்ச் 11 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். இடப்பக்கத் தற்காப்பில், அதாவது ‘லெஃப்ட் பேக்’ இடத்தில் ஆடுபவர். அந்த ஊரில் செல்டிக் என்றொரு அணி உண்டு. 1967இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணி அது. வென்ற அணியில் ஆடிய அத்தனை பேரும் கிளாஸ்கோவிலிருந்து சுமார் முப்பது மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். செல்டிக் ரசிகராகவே வளர்ந்த ராபர்ட்சனுக்கு அந்த அணியின் இளையோர் பயிற்சிக் கூடத்திலேயே இடம் கிடைத்தது. ஒரு சிறுவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பதினைந்து வயதில் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். சொல்லப்பட்ட காரணம், உடல் சிறியதாக இருக்கிறது என்பது.

இங்கே சற்று நிற்போம். ஒழுங்கீனம் என்றோ, ஆட்டம் தெரியவில்லை என்றோ சொல்லியிருந்தால் அந்தப் பையன் எதையாவது திருத்திக்கொள்ள முயன்றிருக்கலாம். ‘நீ சிறியவன்’ என்றால் அவன் என்ன செய்வான்? எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பாடம் எடுக்கும் உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோடை விடுமுறைக்குப் போகும்போது நம் தோளுக்குக் கீழே இருந்த பையன் ஜூன் மாதம் வரும்போது நம்மைவிட உயரமாக நிற்கிறான். அவன் பக்கத்து இருக்கைப் பையனுக்கு அந்த வளர்ச்சி வர இன்னும் இரண்டு ஆண்டு ஆகலாம். பிறந்த தேதியில் ஒரே வயதுடைய இரு பிள்ளைகளின் உடல் வளர்ச்சி சில ஆண்டுகள்கூட வேறுபடும். பதினைந்து வயதில் உயரத்தையும் வலிமையையும் பார்த்து எடுக்கும் முடிவு, யார் முன்னால் வளர்ந்தார்கள் என்பதைத்தான் பெரிதும் காட்டுகிறது. யார் கடைசியில் எவ்வளவு வளர்வார்கள், எப்படி ஆடுவார்கள் என்பதை அது சொல்வதில்லை.

வெளியே வந்த ராபர்ட்சனுக்கு அதே ஊரில் இன்னொரு கதவு திறந்திருந்தது. குயின்ஸ் பார்க் என்ற அணி. 1867இல் தொடங்கப்பட்டது, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கால்பந்து அணி. 1872இல் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்காக இறங்கிய பதினொரு பேரும் இந்த அணியினர்தான். ஆட்டம் ஆடுவதற்காகவே ஆட்டம் என்பது அதன் குறிக்கோள் வாசகத்தின் பொருள். ராபர்ட்சன் சேர்ந்த காலத்திலும் அது முழுக்க அமெச்சூர் அணியாகவே இருந்தது. வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. 2019 வரை அந்த வழக்கம் நீடித்தது.

2012-13 பருவத்தில், பதினெட்டு வயதில், பயிற்சியாளர் கார்ட்னர் ஸ்பியர்ஸ் அவரை முதல் அணியில் இறக்கினார். ஸ்காட்லாந்து லீக்கின் நான்காம் அடுக்குப் போட்டிகள் அவை. பெரும்பாலான நாள்களில் பார்வையாளர்கள் சில நூறு பேர்தான் இருப்பார்கள். ஆனால் அந்த அணியின் சொந்த மைதானம் எது தெரியுமா? ஸ்காட்லாந்து தேசிய அணி ஆடும் ஹாம்ப்டன் பார்க். ஐம்பதாயிரம் பேர் அமரும் மைதானத்தில் சில நூறு பேர் முன்னிலையில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சம்பளம் இல்லாததால் அதே மைதானத்தில் அவருக்கு வேறு வேலையும் இருந்தது. தொலைபேசியை எடுத்து, நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டுக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. 2012 ஆகஸ்டில் அவர் சமூக ஊடகத்தில் எழுதிய ஒரு வரி பின்னாளில் உலகெங்கும் பேசப்பட்டது: இந்த வயதில் கையில் காசில்லாமல் வாழ்வது மோசமாக இருக்கிறது, ஒரு வேலை வேண்டும் என்ற பொருளில். கால்பந்து சரிவராவிட்டால் பல்கலைக்கழகம் போய்விடலாம் என்ற யோசனையும் இருந்தது. படிப்பைக் கைவிட்டுவிட்டு ஆட்டத்தின் பின்னால் ஓடிய கதை அல்ல இது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

அந்த ஒரு பருவத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்களில் அவர் ஆடினார். நிதி நெருக்கடியால் கீழ் அடுக்குக்குத் தள்ளப்பட்டிருந்த ரேஞ்சர்ஸ் என்ற பெரிய அணியும் அதே பிரிவில் இருந்தது. குயின்ஸ் பார்க்கும் ரேஞ்சர்ஸும் ஹாம்ப்டனில் மோதிய நாளில் சுமார் முப்பதாயிரம் பேர் வந்தார்கள். வாரந்தோறும் தன்னைவிட வயதிலும் எடையிலும் கூடிய ஆண்களை எதிர்த்து ஆட வேண்டிய நிலை. மோதினால் தோற்போம் என்று தெரிந்த தற்காப்பு ஆட்டக்காரர் என்ன கற்றுக்கொள்வார்? பந்து வருமுன்பே நிற்க வேண்டிய இடத்தைப் பிடிக்கக் கற்றுக்கொள்வார். எதிராளி திரும்புவதற்குள் நெருங்கிவிடக் கற்றுக்கொள்வார். இவை ஆடி ஆடித்தான் வரும். பயிற்சிக் கூடத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தால் வராது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013இல் ஸ்காட்லாந்தின் முதல் அடுக்கில் ஆடும் டண்டீ யுனைடெட் அவரை எடுத்தது. 2014 மார்ச்சில் போலந்துக்கு எதிராகத் தேசிய அணியில் முதல் ஆட்டம். அந்தப் பருவ முடிவில் ஸ்காட்லாந்தின் சிறந்த இளம் வீரர் விருது. அதே கோடையில் 28.5 லட்சம் பவுண்டுக்கு இங்கிலாந்தின் ஹல் சிட்டி அணி வாங்கியது. அங்கே 2015இலும் 2017இலும் அணி கீழ் அடுக்குக்கு இறங்கியது. இடையில் 2016இல் ஏறியது. 2017இல் லிவர்பூல். அங்கும் முதல் சில மாதங்கள் பெரும்பாலும் காத்திருப்புதான். டிசம்பரில் அந்த இடத்தில் ஆடியவர் காயமடைந்தபோது வாய்ப்பு நிலைத்தது. 2018இல் தன் நாட்டு அணியின் தலைவர். 2019இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை.

இனி, நமக்கு வருகிறேன். இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை தேவை. ‘உழைத்தால் நீயும் லிவர்பூல் போகலாம்’ என்று முடித்துவிடாதீர்கள். பெரிய அணிகளின் பயிற்சிக் கூடங்களிலிருந்து வெளியே அனுப்பப்படும் சிறுவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த உயரத்துக்கு வருவதில்லை. அவர்களில் பலரும் ராபர்ட்சனைப் போலவே உழைத்தவர்கள்தான். ஆகவே நாம் கேட்க வேண்டியது, அடுத்த ராபர்ட்சன் யார் என்பதல்ல. செல்டிக் ‘வேண்டாம்’ என்ற பிறகும் அந்தப் பையனுக்கு ஆட ஓர் இடம் இருந்தது. நாம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறதா?

பட்டியல் ஒட்டிய மறுநாள் மைதானத்துக்கு யார் யார் வரவில்லை என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அணிக்கு எடுக்கப்படாத பிள்ளைக்குப் போட்டி மட்டும் போவதில்லை. பந்து, பயிற்சி நேரம், ஆசிரியரின் பார்வை, எல்லாம் சேர்ந்து போய்விடுகின்றன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எடுக்கப்பட்டவன் இன்னும் நன்றாக ஆடுவான். நம் தேர்வு சரிதான் என்று நாமும் நினைத்துக்கொள்வோம். வாய்ப்புக் கொடுத்தது நாம்தானே!

என் அனுபவத்தில் பயன்தந்த சில வழிகளைச் சொல்கிறேன். புதிய நிதி எதுவும் வேண்டியதில்லை.

ஒன்று, எடுக்கப்படாதவர்களையும் பயிற்சியிலேயே வைத்திருங்கள். இரண்டாம் அணி ஒன்று இருக்கட்டும். வெளிப் போட்டி இல்லாவிட்டாலும் இல்ல அணிகளுக்கிடையே பள்ளிக்குள்ளேயே ஆட்டம் நடத்தலாம். பருவத்துக்கு ஒருமுறை பட்டியலை மறுபடியும் பாருங்கள்.

இரண்டு, காரணத்தைச் சொல்லும் விதம். ‘நீ குட்டை’ என்பது பிள்ளை கையில் இல்லாத காரணம். ‘இடக்காலால் பந்தை நிறுத்தப் பழகு, பொங்கல் விடுமுறைக்குப் பின் மறுபடி பார்ப்போம்’ என்பது அவன் கையில் இருக்கும் காரணம். அதைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள்; நண்பர்கள் முன்னால் வேண்டாம்.

மூன்று, பயிற்சியின்போது சில நாள்களாவது வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் உடல் வளர்ச்சி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்சிக் கூடங்களிலும் இந்த முறையைக் கையாள்கிறார்கள். சிறிய பையன் தன் அளவுள்ளவர்களோடு ஆடும்போது அவன் திறமை கண்ணில் படும். பெரிய பையனும் உடலை நம்பாமல் ஆடக் கற்றுக்கொள்வான். பள்ளியில் எடுக்கும் உயரம், எடை விவரம் பதிவேட்டில் தூங்குகிறதே, அதை எடுத்துப் பாருங்கள். யார் இப்போது வளரத் தொடங்கியிருக்கிறார் என்று தெரியும்.

நான்கு, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு. உங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வே வேண்டாம். எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடட்டும். ‘குண்டாக இருக்கிறாய், கோல் கம்பத்தில் நில்’ என்று ஆறு வயதில் நிறுத்தினால் அந்தக் குழந்தைக்கு ஓடும் வாய்ப்பே இல்லாமல் போகும்.

விளையாட்டு ஆசிரியர் அல்லாத நண்பர்கள், இதில் நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும்போது, அரும்பில் இருந்த குழந்தை மலருக்கு வருவதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் எழுதும்போது, அது அந்த மாதத்து நிலை மட்டுமே. அடுத்த மாதமும் பார்த்துவிட்டு எழுத வேண்டியது அது. கணக்கு ஆசிரியர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேண்டுகோள்: விளையாட்டுப் பாடவேளையைக் கடன் வாங்காதீர்கள். வாங்கினால் திருப்பித் தாருங்கள்.

பதினைந்து வயதுப் பையனின் உடலைப் பார்த்து அவன் எதிர்காலத்தைச் சொல்ல, அத்தனை வசதிகளும் பயிற்சியாளர்களும் கொண்ட ஒரு பெரிய அணியாலேயே முடியவில்லை. ஒரு மாலை நேரத்தில், ஒரு விசிலோடு நிற்கும் நம்மாலும் முடியாது. அதனால் பட்டியலைப் போடுங்கள். போட்டிக்கு அது தேவை. மறுநாள் மைதானத்தை மட்டும் எல்லாருக்கும் திறந்து வையுங்கள்.